இரண்டு டம்ளர் தண்ணீர்

வாட்டர் ஃபில்டர் விற்பவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு வித்தை செய்து காட்டுவார்கள். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். திண்ணையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைப்பார்கள். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த சுத்திகரித்த தண்ணீர். இரண்டும் தெளிவாகவே இருக்கும். பிறகு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, கம்பிகளை இரண்டு டம்ளரிலும் முக்கி, சுவிட்சைப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் செக்கச் செவேலென்று மாறி, அதில் திட்டுத் திட்டாக அழுக்கு மிதக்கும். மற்ற டம்ளர் அப்படியே இருக்கும்.

"பாருங்கக்கா, இதைத்தான் உங்க பிள்ளைங்க தினமும் குடிக்குதுங்க."

அம்மாவின் முகம் மாறிவிடும். அன்று சாயங்காலமே கேன் தண்ணீருக்குச் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் ஃபில்டருக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.

அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் குழாயிலிருந்து வரவில்லை. அந்தப் பெட்டியின் கம்பியிலிருந்தே வந்தது. அங்கே ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று அலுமினியம். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் அதன் வழியே மின்சாரம் நன்றாகப் பாயும். அப்போது இரும்புக் கம்பியின் அணுக்கள் கம்பியை விட்டுப் பிரிந்து தண்ணீரில் இறங்குகின்றன. ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகின்றன. நீங்கள் பார்த்த சிவப்பு அந்தத் துருதான். மற்ற டம்ளரில் உப்பு மிகக் குறைவு. அதனால் மின்சாரம் சரியாகப் பாயவில்லை, கம்பி கரையவில்லை, நிறமும் மாறவில்லை.

அடுத்த தடவை யாராவது இந்தப் பெட்டியோடு வந்தால் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "அண்ணே, உங்க தண்ணியில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுட்டு மறுபடியும் சுவிட்சைப் போடுங்களேன்." நம் சமையலறை உப்புதான். அந்தத் தண்ணீரும் சிவந்துவிடும். நீங்களாக இதைச் செய்து பார்க்கக் கூடாது. வீட்டு மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடத்தில் கை வைப்பது உயிருக்கே ஆபத்து.

வித்தையின் அடுத்த பாகம் டி.டி.எஸ். மீட்டர். பேனா அளவுக் கருவி. குழாய்த் தண்ணீரில் வைத்தால் 350 என்று காட்டும், கேன் தண்ணீரில் 40 என்று காட்டும். எண் கூடினால் அழுக்கு கூடுதல் என்று நம்பத்தான் தோன்றும். ஆனால் அந்த எண் சொல்வது வேறு. ஒரு லிட்டரில் ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதை, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து அது கணக்குப் போடுகிறது. கால்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாம் அதில் அடக்கம். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தர விதி, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை விடலாம் என்கிறது. அதே மீட்டரை இளநீரில் வையுங்கள். எண் ஆயிரங்களில் போகும். இளநீரில் அத்தனை பொட்டாசியம் இருக்கிறது. இளநீரை யாராவது அழுக்கு என்பார்களா?

இன்னொரு பக்கம் பாருங்கள். ஓட்டிலிருந்து வடிந்த மழைத்தண்ணீரைப் பிடித்து மீட்டரை வைத்தால் எண் மிகக் குறைவாக இருக்கும். அந்த ஓட்டில் காக்கை எச்சம் கிடந்திருக்கலாம், கிருமி லட்சக்கணக்கில் இருக்கலாம். மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஆக, கம்பிப் பெட்டியும் மீட்டரும் உப்பைத்தான் பார்க்கின்றன. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை என்று தண்ணீரால் வரும் பெரிய ஆபத்துகளில் பெரும்பாலானவை கிருமியால் வருபவை. உப்பைக் காட்டிப் பயமுறுத்தி, கிருமியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போகும் இந்த வித்தை எனக்குக் கோபத்தையே தருகிறது.

அப்படியானால் எந்த டம்ளரை எடுப்பது? விடை தேட ஜெயமங்கலத்துக்குப் போவோம்.

பெரியகுளத்துக்கும் வைகை அணைக்கும் நடுவில், வராக நதிக்கரையில் இருக்கும் ஊர் ஜெயமங்கலம். இந்த நதி கொடைக்கானல் மலைச் சரிவில் பிறக்கிறது. பெரியகுளத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் சோத்துப்பாறை அணை அதைத் தேக்குகிறது. அணையின் முழு உயரம் 126 அடி. பெரியகுளம் நகராட்சிக்குக் குடிநீர் இங்கிருந்து போகிறது. அணையைத் தாண்டிய ஆறு பெரியகுளத்துக்குள் நுழைந்து, வடுகபட்டி, மேல்மங்கலம் வழியாக ஜெயமங்கலத்துக்கு வந்து, பிறகு வைகையில் சேருகிறது.

ஊர்களின் வரிசையைக் கவனித்தீர்களா? பெரியகுளம் மேலே, ஜெயமங்கலம் கீழே. மலையிலிருந்து இறங்கும்போது இருந்த தண்ணீர் ஊர்களைத் தாண்டிய பிறகு இருக்காது. வழியில் சாக்கடைகள் சேருகின்றன, குப்பை விழுகிறது, வயலில் போட்ட உரம் வடிகிறது. கீழே இருக்கும் ஊர்க்காரர்கள் மேலே இருப்பவர்கள் கழித்ததையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். இதைக் கேட்டதும் "ஐயோ, அப்ப கேன்தான்" என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதே நிலையில் இருந்த வேறொரு ஊரின் கதையைச் சொல்கிறேன். தண்ணீர் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

ஜெர்மனியில் எல்பே என்று ஒரு பெரிய ஆறு. அதன் கரையில் ஹாம்பர்க் நகரம். அதற்கு அடுத்து, ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே, ஆல்டோனா என்ற நகரம். இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு தெருதான் எல்லை. இரண்டு நகரங்களும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தன. ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்து போன பிறகு கிடைக்கும் தண்ணீர்தான் ஆல்டோனாவுக்கு. 1892 ஆகஸ்டில் அங்கே காலரா வந்தது. எந்த ஊர் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஹாம்பர்க்கில் சில வாரங்களுக்குள் 8,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சாக்கடை கலந்த தண்ணீரை எடுத்த ஆல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. எல்லைத் தெருவில் ஹாம்பர்க் குழாய் இருந்த பக்கம் சாவு, ஆல்டோனா குழாய் இருந்த பக்கம் நலம். காலரா கிருமியை ஆராய்ந்த ராபர்ட் கோக் இதை நேரில் வந்து பார்த்து விளக்கினார். ஹாம்பர்க் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டது. ஆல்டோனா அதை மணல் படுகை வழியே மெதுவாக இறங்கவிட்டு, வடித்து, அதன்பிறகே குழாயில் விட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மணலுக்கு எங்கிருந்து அந்தச் சக்தி? மணல் இடுக்குகள் கிருமியை விடப் பெரியவை. வெறும் சல்லடையாக அது வேலை செய்வதில்லை. தண்ணீர் சில வாரங்கள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால், மணலின் மேல்பரப்பில் வழவழப்பான ஒரு படலம் உருவாகும். அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கும். மேலிருந்து வரும் நோய்க்கிருமிகள் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே இருக்கும் உயிர்கள் அவற்றைத் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே பிடிக்கின்றன.

உங்கள் அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். கோடையில் ஆறு வற்றியதும் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றியதைச் சொல்வார்கள். ஆற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கி, மணலுக்குள் ஊறும் நீரை மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தெருக்குழாயில் விடுவதும் அதே அறிவுதான். ஆற்றங்கரை ஊர்களில் இது நீண்ட காலமாக நடக்கிறது. ஆனால் இன்று ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பல ஆறுகளில் மணலை அள்ளிவிட்டார்கள், சாக்கடையும் கூடிவிட்டது. மணல் போன ஆறு வடிகட்டி போன ஆறு. மணல் லாரியைப் பற்றிப் பெரியவர்கள் சண்டை போடும்போது அதில் உங்கள் குடிதண்ணீரும் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

மணலைத் தாண்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி. தொட்டியிலிருந்து உங்கள் தெருவுக்கு வரும் வழியில் குழாயில் எங்காவது விரிசல் இருக்கலாம். நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வராது. திறந்துவிடும் நேரத்தில் மட்டும் குழாய் நிறைந்திருக்கும், மற்ற நேரத்தில் காலி. காலிக் குழாய் விரிசல் வழியாக வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்காகத்தான் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். அதிலிருந்து வரும் குளோரின், கிருமிகளின் உறையைச் சிதைத்து அவற்றைக் கொல்கிறது. கலந்து அரை மணி நேரமாவது விட வேண்டும். கிருமிகளைக் கொன்ற பிறகும் கொஞ்சம் குளோரின் தண்ணீரில் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது விதி. வழியில் புதிதாகக் கிருமி நுழைந்தாலும் அந்த மிச்சம் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் 1908-ல் ஒரு நகரத்துக்கே தொடர்ந்து குளோரின் கலந்த தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு மற்ற ஊர்களும் பின்பற்றின. டைபாய்டுச் சாவுகள் மளமளவென்று குறைந்தன. குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிய பொருள்களைப் பட்டியல் போட்டால் நான் பிளீச்சிங் பவுடரை மேல் வரிசையில் எழுதுவேன்.

"ஆனா மருந்து வாடை அடிக்குதே!" அடிக்கும். அந்த வாடை பிடிக்காவிட்டால், வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வையுங்கள். குளோரின் காற்றில் போய்விடும். மண்பானையில் ஊற்றிவைத்தாலும் போகும், குளிர்ச்சியும் கிடைக்கும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் வரும் குளிர்ச்சி அது. குளோரின் போன பிறகு அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை. ஆகவே கைவிட்டு மொள்ளாதீர்கள், அன்றன்றைக்கே குடித்து முடியுங்கள்.

இப்போது இரண்டாவது டம்ளருக்கு வருவோம்.

குட்டியானை வண்டியில் வரும் 20 லிட்டர் கேனும், பெட்டிக்கடையில் தொங்கும் ஒரு லிட்டர் பாட்டிலும் பெரும்பாலும் நிலத்தடி நீரிலிருந்து வருபவை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்து, மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளுவார்கள். உப்பும் கிருமியும் ஒரு பக்கம் நின்றுவிடும், தண்ணீர் மறுபக்கம் வரும். இதற்குப் பெயர் ஆர்.ஓ. வீட்டில் மாட்டும் ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு, மூன்று லிட்டர்கூடக் கழிவாக வெளியேறும். சவ்வைத் தாண்டிய தண்ணீருக்கு ஆலையில் புற ஊதா ஒளி காட்டுவார்கள், ஓசோன் வாயு செலுத்துவார்கள். ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது. கிருமியைக் கொல்வதில் குளோரினை விடக் கெட்டிக்காரன். சீக்கிரமே சாதாரண ஆக்சிஜனாக மாறிவிடுவதால் வாடையும் இல்லை.

வாடை இல்லை என்றால் காவலும் இல்லை என்று இப்போது உங்களுக்கே புரியும். ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக மூடிய பாட்டில், மூடி திறக்கும்வரை பாதுகாப்பானது. திறந்து வாய் வைத்துக் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பையில் வைத்து மறுநாள் குடித்தால், உங்கள் வாயிலிருந்து போன பாக்டீரியாக்கள் இரவெல்லாம் அதில் பெருகியிருக்கும். கேனும் அப்படித்தான். அதைக் கவிழ்த்து வைக்கும் தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? பல வீடுகளில் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டு வாங்கிய கேன், பாசி பிடித்த தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. கேன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுத்த 14 இலக்க உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாத கேனில் இருப்பது எங்கோ பிடித்த தண்ணீர், அவ்வளவுதான்.

அடுத்தது, தண்ணீரைச் சுமந்து வரும் பிளாஸ்டிக். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே விற்கும் மூன்று நிறுவனங்களின் பாட்டில் தண்ணீரை, லேசர் ஒளியைப் பாய்ச்சும் புதுவகை நுண்ணோக்கியால் பார்த்தார்கள். ஒரு லிட்டரில் சராசரியாக 2 லட்சத்து 40 ஆயிரம் பிளாஸ்டிக் துகள்கள். அவற்றில் பத்தில் ஒன்பது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கை விடவும் சிறியவை. சில துகள்கள் பாட்டிலிலிருந்தே உதிர்ந்தவை. சில, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் சவ்வின் பிளாஸ்டிக்கிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். இவை உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்பதை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரிலும் பிளாஸ்டிக் துகள் இருக்கிறது, பொதுவாகக் குறைவாக.

பிளாஸ்டிக் வயிற்றுக்குள் போவது ஒரு பக்கம். காலி பாட்டில் எங்கே போகிறது? ஜெயமங்கலத்துக்குப் பக்கத்தில்தான், தேவதானப்பட்டியைத் தாண்டி காட்ரோடு இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதை அங்கேதான் ஏறுகிறது. மலையேறும் வண்டிகளிலிருந்து வீசப்படும் பாட்டில்கள் மழையில் உருண்டு, ஓடையில் விழுந்து, நம் ஆறுகளுக்கே வந்துசேரும். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இன்று தடை இருக்கிறது. தண்ணீர் பாக்கெட்டுக்கோ தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதலே தடை. மலையை அழுக்காக்கினால் மலையிலிருந்து வரும் தண்ணீரும் அழுக்காகும், அதற்குப் பயந்து இன்னொரு பாட்டில் வாங்குவோம். இந்தச் சுற்றை யோசித்துப் பாருங்கள்.

பாட்டிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ் பயணத்தில், வெள்ளத்தில் குழாய் உடைந்த ஊரில், சீல் வைத்த பாட்டில் உயிரைக் காக்கும். 2013-ல் தமிழ்நாடு அரசே ஒரு லிட்டர் பத்து ரூபாய்க்கு 'அம்மா குடிநீர்' பாட்டிலைப் பேருந்து நிலையங்களில் விற்றது, பயணிகளுக்காக. தினமும் வீட்டில் குடிக்க அதுதானா என்பதுதான் நம் கேள்வி. ஒரு வீட்டில் நாளைக்குப் பத்து லிட்டர் குடிக்கிறார்கள், கேன் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். ஐயாயிரம் ரூபாயைத் தாண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

எல்லா ஊருக்கும் ஒரே விடை கிடையாது என்பதற்குத் தருமபுரியைச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பூமிக்கடியில் இருக்கும் பாறைக் கனிமங்களிலிருந்து அது கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் கூடாது. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், பிறகு எலும்பும் கெடும். அந்தத் தண்ணீர் தெளிவாக இருக்கும், வாடை இருக்காது. குளோரின் போட்டாலும் ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி, அதன் அளவு இன்னும் கூடும். அங்கே ஒரு குழந்தை கிணற்றுத் தண்ணீரை விட்டு ஆர்.ஓ. தண்ணீரைக் குடித்தால் அது சரியான முடிவு. ஆனால் ஊருக்கே என்ன வழி? ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து, 2013-ல் அந்த ஊர்களின் குழாய்களுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்க முடிந்தவர் மட்டும் தப்பிக்கும் வழியாக அது இல்லை என்பதே அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது.

நம் பக்கத்திலும் "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி" என்று பிரித்துத்தானே வைத்திருக்கிறோம். ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணி, போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணி. "இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுடி தாயி" என்று அப்பத்தா சொல்வதில் சரியான வேதியியல் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டின் என்ற பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. நுரை வராத சோப்பும் அதே கால்சியத்தின் வேலை. வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரே அளவு பாட்டில்களில் ஆற்றுக்குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், மழைத்தண்ணீர் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். எதில் எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று எழுதுங்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் மழை வந்து ஆற்றில் செந்தண்ணி ஓடும்போதுதான் குழாய்த் தண்ணீரில் கூடுதல் கவனம் வேண்டும். கலங்கலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. முதலில் கலங்கல் தெளிய வேண்டும். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு மருந்து இருக்கிறது: முருங்கை விதை. நாடெங்கும் பயிராகும் பி.கே.எம்.-1 முருங்கை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989-ல் வெளியிட்ட ரகம். பி.கே.எம். என்றால் பெரியகுளம்தான். முற்றிய விதையின் தோலை நீக்கி, இடித்துத் தண்ணீரில் கலக்கினால், அதிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டிருக்கும். சேற்றுத் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால்தான் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அடியில் படியாமல் மிதக்கின்றன. புரதம் அவற்றை இழுத்துச் சேர்த்துத் திரட்டுகிறது. திரண்டது கனமாகி அடியில் படிகிறது. இரண்டு பாட்டில்களில் கலங்கல் நீர் எடுத்து, ஒன்றில் மட்டும் விதைப்பொடி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆனால் தெளிந்த தண்ணீரை அப்படியே குடித்துவிடாதீர்கள். கிருமிகள் எல்லாம் போயிருக்காது.

குடத்து வாயில் துணி கட்டிப் பிடிக்கிறோமே, அதற்கும் பலன் உண்டா? உண்டு. வங்கதேசத்தில் ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் கிராமத்துப் பெண்களைப் பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்துத் தண்ணீர் வடிக்கச் சொன்னார்கள். காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2003-ல் வெளியான ஆய்வு இது. காலரா கிருமி துணியின் இடுக்கில் தாராளமாக நுழையும் அளவுக்குச் சிறியது. ஆனால் அது குளத்து நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. பூச்சி துணியில் சிக்கியது, கிருமியும் அதோடு சிக்கியது. பழைய சேலை புதியதை விட நன்றாக வடிகட்டும். துவைத்துத் துவைத்து நூல் இளகி, இடுக்குகள் சிறுத்துவிடுகின்றன.

வடித்த பிறகு கொதிக்க வையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே கிருமிகள் சாகும். சீனாவின் குவாங்சோ நகரில் 2024-ல் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். கால்சியம் அதிகமுள்ள உப்புத் தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தபோது, பாத்திரத்தில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவம் பிளாஸ்டிக் துகள்களையும் பிடித்துக்கொண்டு அடியில் தங்கியது. வடித்தெடுத்த தண்ணீரில் 90 சதவீதம் வரை துகள்கள் குறைந்திருந்தன. நல்ல தண்ணியில் இந்த அளவு குறைவதில்லை, கால்சியம் கொஞ்சம்தானே இருக்கிறது.

என் முடிவு இது. வராக நதிக்கரையிலோ வைகைக் கரையிலோ, ஒழுங்காகக் குளோரின் கலந்து, சோதித்துப் பார்த்த குழாய்த் தண்ணீர் வரும் ஊரில் இருந்தால், நான் முதல் டம்ளரைத்தான் எடுப்பேன். மழைக்காலத்தில் கொதிக்க வைத்துக் குடிப்பேன். இதில் 'சோதித்துப் பார்த்த' என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது. அது கடினமான வேலையும் இல்லை. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சியும் பெட்டியும் தருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் வரும் சோதனைகளில் ஒன்று சின்னக் கண்ணாடிக் குப்பி. அதில் தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்று அல்லது இரண்டு நாள் அறையிலேயே வைக்க வேண்டும். மலக்கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்க, அது குப்பியில் இருக்கும் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. இந்த எளிய சோதனையை 1982-ல் உலகுக்குச் சொன்னவர்கள் இந்திய விஞ்ஞானிகள். கேன் தண்ணீரையும் அதே குப்பியில் ஊற்றிப் பார்க்கலாம். கம்பிப் பெட்டியைப் போல் இது ஆளுக்கு ஒரு விடை சொல்லாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அப்பாவோடோ அம்மாவோடோ போய் உட்காருங்கள். உங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். நம் தெருக்குழாய்க்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது? மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எந்தத் தேதியில்? கடைக்கோடி வீட்டில் குளோரின் எவ்வளவு என்று பார்த்தீர்களா? போன மழைக்குப் பிறகு குப்பிச் சோதனை செய்தீர்களா, கறுத்ததா கறுக்கவில்லையா? ஃபுளோரைடு எவ்வளவு? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீரின் அறிக்கையை எங்கே ஒட்டியிருக்கிறீர்கள்?